வாவி கடந்த ஹெல்மெட்டுகள்

1

என் மகள் அபி ஒரு போட்டிக்கு வீடியோ செய்கிறாள். வேலைத்தளங்களில் விபத்தைத் தடுப்பது எப்படி என்று பள்ளிப் பிள்ளைகள் மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டுமாம். கனடாவில் இப்படியான போட்டிகளுக்குக் குறைவில்லை. அவள் எடுத்துக்கொண்டது தன் மாமாவின் கதையை.

எட்டு நாளைக்கு முதல், சனிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் போனை நிமிர்த்தி வைத்துப் போட்டுக் காட்டினாள். முதலில் மச்சானின் கலியாணப் படம். பிறகு அபியின் குரல், இங்கிலீஷில். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இவர் என் மாமா யோகராசா. இலங்கையில் கட்டடம் இடிக்கும் வேலை செய்தார். கொடுத்த ஹெல்மெட்டை வெக்கை தாங்காமல் கழற்றினார். அன்றைக்கே இறந்துபோனார். உங்கள் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்."

என் மனைவி ரதிக்குக் கண் நிறைந்துவிட்டது. யோகராசா அவளுக்கு ஒரே அண்ணன்.

"நல்லா இரிக்கு மகள். அண்ணன்ட சாவாலயாவது நாலு பேர் திருந்தட்டும்" என்றாள்.

அபி என் பக்கம் திரும்பினாள். "அப்பா, அண்டைக்கு நீங்கதானே அங்க வேலை. நடந்ததை ரெண்டு வசனத்தில சொல்லுங்க, நான் ரெகோட் பண்ணுறன். தமிழில சொன்னாக் காணும், கீழ நான் இங்கிலீஷ் போடுவன்."

தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிற பிள்ளை. நான் ஊர்க்கதை சொல்ல வாயைத் திறந்தால் காதில் எதையோ செருகிக்கொள்கிறவள். முதல் தடவையாக என்னிடம் ஊரைப் பற்றி ஒன்று கேட்கிறாள். கேட்டது இதை. வேலைக்குப் போட்டுப் போகிற சப்பாத்தைக் கழுவ வேண்டும் என்று சொல்லி நான் எழும்பிப் போய்விட்டேன்.

குளிரைப் பற்றி, பனி வழிக்கிறதைப் பற்றி, விசாக் கந்தோர்களில் காத்துக் கிடந்ததைப் பற்றி எல்லாம் இதே பக்கத்தில் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் வாசித்துவிட்டு "பாவம்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். இந்தத் தடவை பாவம் பார்க்க ஒன்றுமில்லை. இது அரியண்டமான, அருவருப்பான கதை, அரியண்டம் பிடித்தவனே எழுதுகிறான்.

2

என் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வீடு கட்டப் போகிற காணியைத் துப்புரவாக்குவது, மரங்களை வேரோடு பிடுங்குவது, பழைய கட்டடத்தை இடிப்பது, மண்ணை நிரவி மட்டம் பார்த்து அத்திவாரக்காரனிடம் கொடுப்பது. இதுதான் எங்கள் கம்பனி செய்வது. வீடு எழும்பும்போது நாங்கள் அங்கே இருக்க மாட்டோம். குடி புகுகிறவர்களுக்கு எங்களைத் தெரியவும் தெரியாது.

கம்பனியின் முதலாளியும் எங்கள் ஆள்தான். தேர்த் திருவிழாவில் பட்டு வேட்டியோடு முன்னுக்கு நிற்பார். வேலைத்தளத்தில் தொழிலாளர் சார்பில் பாதுகாப்புப் பார்க்க ஒருவர் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். "நீங்கதான் அண்ணை சரியான ஆள், எல்லாத்துக்கும் புறுபுறுப்பீங்க" என்று என்னை அதில் போட்டார். ஒரு பச்சை மேலங்கியும் தந்தார்.

தினமும் வேலை தொடங்க முதல் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தோண்டிய கிடங்கின் ஓரம் பார்த்ததா, மேலே மின்கம்பி போகிறதா, மெஷினுக்குப் பின்னால் ஆள் நிற்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். வெளியே நின்று பார்த்து எழுதவே அந்தப் படிவம். எங்கள் பொடியன்கள் லொறிக்குள் சூடாக்கியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கோப்பியும் மறு கையில் பேனையுமாக, பார்க்காமலே சரி போடுவார்கள். திங்கட்கிழமையே வெள்ளிக்கிழமைப் படிவத்தையும் நிரப்பி வைக்கிற கெட்டிக்காரரும் இருக்கிறார்கள். நான் சத்தம் போடுவேன். கிழிப்பேன். திரும்ப எழுதச் சொல்லுவேன். பின்னால் எனக்கு வைத்திருக்கிற பெயரை இங்கே எழுத முடியாது.

அரசாங்கப் பரிசோதகர் சொல்லாமல் வருவார். எங்கள் பக்கத்துக்கு வருகிறவர் ஒரு பெண். கட்டையான ஆள், சேறு பார்க்காமல் கிடங்குக்குக் கிட்ட போய்க் குந்தியிருந்து பார்ப்பார். முதல் தடவை அவர் வந்தபோது நான் நடுங்கிப்போய் "சேர்" என்று கூப்பிட்டுவிட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பொடியன்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஏன் இவ்வளவு பயப்படுகிறாய்? ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

அங்கே ஒளித்து வைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை.

3

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர் ஆரையம்பதியில் எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை கிடைத்தது. நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பைப் பாதியில் விட்டவன், ஆனால் இங்கிலீஷ் எழுதுவேன். அது போதும். வெள்ளைக்கார நிறுவனங்களிடம் கொந்தராத்து எடுத்த ஒரு முதலாளி என்னைத் தள மேற்பார்வையாளராகச் சேர்த்தார். என் முக்கிய வேலை எழுதுவதுதான். அலை அடித்த வளவுகளில் உடைந்த சுவர்களை அள்ளி, தென்னங்குற்றிகளைப் பிடுங்கி, மண் நிரப்பி வீடு கட்டக் காணி ஆயத்தம் செய்தோம். செய்ததை நான் அழகான இங்கிலீஷில் எழுதினேன். செய்யாததையும் எழுதினேன்.

ஹெல்மெட் அப்போதுதான் வந்தது. பதினெட்டு, எல்லாம் மஞ்சள், நெற்றியில் நிறுவனத்தின் படம். அதற்கு முதல் எங்கள் ஆட்கள் தலையில் சால்வைத் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். தளத்தில் எல்லோர் தலையிலும் ஹெல்மெட் இருக்க வேண்டும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. கொழும்பிலிருந்து ஒரு பரிசோதகர் மாதம் ஒரு முறை வந்து பார்த்துப் படம் எடுத்துப் போவார். எங்களுக்கு மூன்று தளம். ஆட்கள் ஐம்பதுக்கு மேல். இன்னும் ஹெல்மெட் வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருவரும் அப்போது கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பரிசோதகர் ஒரு தளத்தைப் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போவதற்குள் ஹெல்மெட் முன்னால் போய்ச் சேர வேண்டும். ஒரே கரையில் தளங்கள் இருந்த காலத்தில் ஆட்டோவில் உரப்பையைப் போட்டு ஒழுங்கையால் ஓட்டினோம். யுத்தம் முடிந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் வேலை வந்தபோதுதான் சிக்கல். நடுவில் வாவி. பரிசோதகரின் வாகனம் அம்பிளாந்துறையில் இருந்து பழுகாமம் போய், பட்டிருப்புப் பாலம் ஏறி, களுவாஞ்சிக்குடி வழியாகச் சுற்றிக் கிழக்கே எழுவான்கரைக்கு வரும். எங்கள் சாக்கு அதற்குப் பின்னால் ஓடினால் பிடிபடும்.

வழி கண்டுபிடித்தவன் நான். அம்பிளாந்துறையில் இருந்து குருக்கள்மடத்துக்குப் பாதை ஓடுகிறது. வாவியைக் கடக்கிற அந்த மிதவைத் தட்டைத்தான் 'பாதை' என்று சொல்வது உங்களுக்குத் தெரியும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பரிசோதகர் தன் வாகனத்தைப் பாதையில் ஏற்ற மாட்டார், தண்ணீருக்குப் பயம். களுவாஞ்சிக்குடியில் நண்டுக் கறியோடு மத்தியானச் சாப்பாடும் வைத்தால் இன்னும் ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அதற்குள் ஹெல்மெட் நேரே அக்கரைக்குப் போய்விடும்.

"மூளை எண்டா இதுதான் மூளை" என்று முதலாளி என் முதுகில் தட்டினார். அன்றைக்கு எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து ரதியிடமும் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். 

4

அம்பிளாந்துறைத் தளத்தில் மச்சான் வேலை செய்தார். அவருக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். யுத்தம் முடிந்து மூன்றாம் போகத்துக்குக்கூட வயல் வட்டைக்குள் இறங்க முடியவில்லை, உழவு மெஷின் இல்லை, மாடு இல்லை. பழுகாமத்தில் இருந்து சைக்கிளில் வந்து போவார். ஷெல் விழுந்து பாதி நின்ற ஒரு நெல் களஞ்சியத்தை இடித்துத் துப்புரவாக்க வேண்டும், அந்தக் காணியில் திரும்பி வந்த சனங்களுக்கு வீடு வரப்போகிறது.

பரிசோதகர் காலை பத்து மணிக்கு வந்தார். பதினெட்டு தலை, பதினெட்டு ஹெல்மெட். மீதி ஆட்களை வாவிக் கரையில் போய் இருக்கச் சொல்லியிருந்தோம். படம் எடுத்தார், சரி போட்டார், இளநீர் குடித்தார், போனார். வாகனம் தெருவில் கிறுகி மறைந்ததும் நான் உரப்பையை விரித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனேன்.

மச்சான் சுவரடியில் நின்றார். அன்றைக்கு அவருக்கு அதைக் கழற்ற மனமில்லை.

"மச்சான், இது கிடக்கட்டுமே. மேல கல்லு ஆடுது. நான் இண்டைக்கு இந்தப் பக்கம் முடிச்சுப்போட்டுத் தாறன்" என்றார்.

"பதினெட்டும் போகணும் மச்சான். எண்ணுவானுகள்" என்றேன்.

"ஒண்டு குறைஞ்சா என்ன, ஒராள் வரல்லண்டு சொல்லன்."

"தாங்க மச்சான், பாதை போயிரும்."

அவர் கழற்றினார். உள்பக்கம் வியர்வையாக இருந்தது, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துத் தந்தார். தந்துவிட்டுச் சால்வையைத் தலையில் கட்டினார். நான் சாக்கைக் கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன்.

பாதை வாவியின் நடுவில் போகும்போது போன் வந்தது. "சுவரடியில ஒராள் விழுந்திட்டார், மண்டையில கல்லு" என்றார்கள். ஆர் என்று கேட்டேன். சத்தத்தில் சரியாக விளங்கவில்லை, போன் அறுந்துவிட்டது.

இனி எழுதப் போவதை இன்றுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. அக்கரை சேர்ந்ததும் நான் அதே பாதையில் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. குருக்கள்மடத் தளத்துக்குப் போய், சாக்கை அவிழ்த்து, ஹெல்மெட்டுகளைக் கொடுத்து, எல்லோரும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே திரும்பினேன். ஒரு மனிதன் விழுந்து கிடக்கிறான், ஆர் என்று தெரியாது, என் மனைவியின் அண்ணனாகவும் இருக்கலாம், நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்புகிற நேரம் முதலாளியின் போன் வந்தது. "ஒரு ஹெல்மெட்டக் கையோட கொண்டு வாங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வாவியைக் கடந்தேன். பாதையில் நின்ற ஒரு கிழவர் "வேலைக்கோ தம்பி?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

5

மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. ஹெல்மெட்டைச் சுவரடியில், இரத்தத்துக்கு இரண்டு முழம் தள்ளி வைத்தேன். முதலில் நிமிர்த்தி வைத்தேன். முதலாளி காலால் தட்டிச் சரித்துவிட்டார், விழுந்து கிடந்த மாதிரி இருக்கட்டுமாம்.

பரிசோதகர் பின்னேரம் திரும்பி வந்தார். அவர் முகமும் வெளிறிப் போயிருந்தது. ஹெல்மெட்டைப் படம் எடுத்தார். காலையில் எடுத்த படத்தில் மச்சான் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், ஆகவே கொடுக்கப்பட்டது உண்மை. "பிறகு ஏன் தலையில் இருக்கவில்லை?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் நல்ல இங்கிலீஷில் எழுதினேன்: அறிவுறுத்தலை மீறித் தொழிலாளி தானே ஹெல்மெட்டைக் கழற்றினார். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து.

கழற்றியது அவர் கைதான். கேட்டு வாங்கியது என் கை. அந்தப் பாதியை விட்டுவிட்டேன்.

"உண்மையச் சொன்னா வேலைய நிப்பாட்டிப் போடுவானுகள். நாப்பது குடும்பம் கொட்டிலுக்க கிடக்கும். ஒங்கட மச்சானுக்கு உசிர் வருமா?" என்று முதலாளி கேட்டார். நியாயமாகத்தான் இருந்தது. அநியாயம் செய்கிறவனுக்கு நியாயம் சொல்ல ஆள் எப்போதும் கிடைக்கும். அந்த நாற்பது வீடும் எழும்பின. திறப்பு விழாவில் ரிபன் வெட்டினார்கள், பந்தலின் கீழ் குளிர்பானம் கொடுத்தார்கள், எனக்கு ஒரு நல்ல சான்றிதழ் எழுதித் தந்தார்கள். பாதுகாப்பு விதிகளைச் சிறப்பாகப் பேணியவர் என்று அதில் இருக்கிறது. இங்கே கம்பனியில் வேலைக்குப் போனபோது அதைத்தான் காட்டினேன். சொன்னால் நம்புவீர்களா, அதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

வீட்டில் என்ன சொன்னேன்? கடதாசியில் எழுதியதையே சொன்னேன், அவருடைய ஹெல்மெட்டை மட்டும் அன்றைக்குச் சாக்கில் போடாமல் விட்டிருந்தேன் என்று ரதிக்குச் சேர்த்தும் சொன்னேன். மச்சானின் பெண்சாதி பூமணி அக்கா பிரேதத்தின் காலடியில் இருந்துகொண்டு என்னிடம் கேட்டார், "தம்பி, நீங்க போடச் சொல்லல்லயா?" என்று. சொன்னேன் அக்கா, வெக்கை என்று கழற்றிவிட்டார் என்றேன். அதற்குப் பிறகு ரதி ஒரு நாளும் என்னை வேலைக்குச் சும்மா அனுப்பியதில்லை. இங்கே, பனியிலும், கதவடியில் நின்று சொல்லுவாள்: "அண்ணனப் போலக் கழட்டி வெச்சிராதீங்க." பதினைந்து வருடமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறேன். அபி அந்த வசனத்தைக் கேட்டே வளர்ந்தாள். இப்போது அதை ஊருக்கே சொல்லப் போகிறாள்.

6

இந்தக் கிழமை முழுவதும் அபி கேட்டாள், நான் சாட்டுச் சொன்னேன். வியாழக்கிழமை தளத்துக்குப் பரிசோதகர் வந்தார். ஒரு மூலையில் கிடங்கின் ஓரம் பிளந்திருந்தது, எங்கள் பொடியன் ஒருவன் அதைப் பார்க்காமலே படிவத்தில் சரி போட்டிருந்தான். வேலையை நிற்பாட்டினார். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணை, காலம பிளப்பு இருக்கேல்ல, பிறகுதான் வந்தது எண்டு ஒரு வசனம் எழுதி விடுங்கோவன். நீங்க எழுதினா அவ நம்புவா" என்றார். பட்டு வேட்டி கட்டுகிற மனிதர். குரலில் கூச்சமே இல்லை.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் குரலைத்தான் அதில் கேட்டேன்.  எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைப் பெரிய வீரமாக நினைக்க வேண்டாம். இங்கே எழுதாவிட்டால் சட்டம் என்னைக் காப்பாற்றும். காப்பாற்ற ஒன்றுமில்லாத இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை நீங்கள் வாசித்துவிட்டீர்கள்.

நேற்றுச் சனிக்கிழமை. காலையில் அபி போனை நிமிர்த்தி வைத்தாள். "இண்டைக்குத்தான் அப்பா கடைசி நாள்" என்றாள். ரதி கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

சொன்னேன். உரப்பையில் இருந்து தொடங்கி, பாதை, அக்கரையில் தலை எண்ணியது, மடியில் கொண்டு வந்த ஹெல்மெட், எல்லாம். தமிழில்தான் சொன்னேன். அபிக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பாதியில் போனை எடுத்து நிற்பாட்டி, கவிழ்த்து வைத்துவிட்டாள். ஆகவே விளங்கியிருக்கிறது.

 தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அபி எழும்பிப் போய்க் குழாயை மூடினாள்.

"அண்ணன் கேட்டவரா? கிடக்கட்டும் எண்டு கேட்டவரா?" என்றாள் ரதி.

"ஓம்."

கையைத் துடைத்தாள். தன் போனை எடுத்துப் பழுகாமத்துக்கு அழைத்தாள். அங்கே பின்னேரம். மணி அடிக்கும்போதே போனை என் கையில் வைத்தாள். "மச்சாளுக்கும் நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பூமணி அக்கா எடுத்ததும் வழமை போல எல்லோரையும் சுகம் விசாரித்தார். திவசத்துக்குச் சாமான் வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போய் இப்போதுதான் வந்தாராம். நான் நடுவில் மறித்துச் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்கவில்லை.  

"அப்ப அவர் தானாக் கழட்டல்ல?" என்றார்.

"இல்ல அக்கா. நான் கேட்டு வாங்கினன். வெச்சிருக்கப் போறன் எண்டவர். நான் விடல்ல."

 பக்கத்து வளவில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு திவசத்துக்கும் சோறு படைச்சுப்போட்டு, படத்துக்கு முன்னால நிண்டு அந்த மனிசன ஏசுறனான் தம்பி" என்றார் அக்கா. குரல் மாறவே இல்லை. "சொல்வழி கேக்காம என்ன இப்பிடி விட்டுட்டுப் போயிட்டயே எண்டு. பதினஞ்சு வருசம் ஏசியிருக்கன். அவர் சொல்வழி கேட்டுத்தானே செத்திருக்கார்."

"ஓம் அக்கா" என்றேன்.